பன்னிரண்டு கேன்

பேரையூர்
9.6.2024

அன்புத் தம்பி அழகுபாண்டிக்கு அக்கா முனீஸ்வரி எழுதிக்கொண்டது. இங்க நான், உன் மச்சான், பாப்பா சுபலட்சுமி எல்லாரும் சுகம். அங்க நீயும் உன் வீட்டுக்காரியும் சுகமா? வதோதரா வெயில் நம்ம ஊரு வெயிலையே தூக்கிச் சாப்பிடுதாமே, டிவியில காட்டுறாங்க. மோர் குடி.

இந்தக் காலத்துல கடுதாசியான்னு சிரிக்காத. போன் போட்டா "மீட்டிங்ல இருக்கேன்க்கா"ங்கிற. வாட்ஸ்அப்புல கேட்டா ரெண்டு நீலக் கோடு விழுது, பதிலக் காணோம். ஹாஸ்டல்ல இருந்தப்ப கடுதாசி போட்டா மட்டும் பக்கம் பக்கமா பதில் எழுதுவ. அதான் பழைய வழிக்கே வந்துட்டேன்.

விசயம் இதுதான். நம்ம பழைய ஜீப்பு ஒரேயடியாப் படுத்துருச்சு. அடிச்சட்டம் துருப்பிடிச்சு ரெண்டா விட்டுப்போச்சு. மழை வாரதுக்குள்ள வேற வண்டி எடுக்கணும். நீ ஊரை விட்டுப் போயி பன்னெண்டு வருசமாச்சு, மறந்திருப்ப, அதனால சொல்றேன். மழை பெஞ்ச கரிசக்காட்டுல வண்டியை நிறுத்தக் கூடாது. நிறுத்துனா சக்கரம் அச்சு வரைக்கும் இறங்கிரும். உன் மச்சான் முதல் கியரைப் போட்டுட்டு ரேஸுல இருந்து காலை எடுத்துருவாரு. ஜீப்பு பாட்டுக்குத் தானா நடக்கும். தோட்டத்துக்காரங்க பால் கேனைத் தூக்கிக்கிட்டுக் கூடவே நடந்து வந்து ஏத்துவாங்க. பின்னால இருளாயி அக்கா நின்னு வாங்கி அடுக்கும். இருபத்திரண்டு கேன் ஏறினதும் கண்மாய்க் கரை மேல ஏறி ரோட்டைப் பிடிக்கணும். இருபது வருசமா இதுதான் பொழப்பு.

இப்ப ரெண்டு வண்டி பாத்திருக்கோம். ஒண்ணு, டி.கல்லுப்பட்டியில ஒருத்தர் வச்சிருக்கிற பழைய ஜீப்பு. ரெண்டாயிரத்து ஐந்நூறு சிசி, டர்போ கிர்போ கிடையாது. இன்னொண்ணு உங்க கம்பெனி புது வண்டி. நாலு சக்கரமும் இழுக்கும், பாக்க யானை மாதிரி இருக்கு. ஆனா மூடியைத் தூக்கிப் பாத்தா இன்ஜினைத் தேட வேண்டியிருக்கு. ஆயிரத்து ஐந்நூறு சிசிதானாம், டர்போ வச்சிருக்காம். நம்ம மெக்கானிக் மைக்கேல்ராஜ் அண்ணன் வேண்டாங்கிறாரு. "டர்போ நல்ல சாமான்தான் தங்கச்சி, ஓடுற வண்டிக்கு. உங்களது நடக்குற வண்டி. நடக்குற வண்டிக்கு மூச்சு அடிவயித்துல இருக்கணும்"ங்கிறாரு. உன் மச்சானுக்குப் புது வண்டி மேலதான் கண்ணு. "என் மச்சினன் சோதிச்சுப் பாத்த வண்டி"ன்னு டீக்கடையில பெருமை வேற.

நீ அதைச் சோதிக்கிற இடத்துலயே இருக்கிறவன். நீ சரின்னா எடுக்கிறோம், வேண்டாம்னா விட்டுர்றோம். உன் ஒரு சொல்லுதான்.

தை மாசம் பாப்பாவுக்குக் காது குத்தணும். ஒத்தப்படை வயசுலதான் குத்தணும். மூணு வயசுல தள்ளிப்போட்டாச்சு, இந்த அஞ்சு வயசையும் விடக் கூடாது. மாமன் மடி இல்லாம முடியாது. இப்பவே லீவு சொல்லி வை.

அக்கா
முனீஸ்வரி


வதோதரா
28.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். உன் கையெழுத்தைப் பார்த்து எத்தனை வருசம்! கம்பெனியில் போனை கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். வண்டி சம்பந்தமாக மெயில், வாட்ஸ்அப் எதிலும் ஒரு வார்த்தை எழுதக் கூடாது, எழுதினால் வேலை போய்விடும். அதனால் எனக்கும் காகிதம்தான் வசதி.

அக்கா, மைக்கேல் அண்ணன் நல்ல மெக்கானிக். ஆனால் அவர் படித்தது பழைய பாடம். இன்ஜின் பெரிசா சின்னதா என்பது இப்போது கணக்கே இல்லை. வெளியே போகும் புகையோட வேகத்தில் ஒரு காத்தாடி சுத்தும். அது காற்றை அமுக்கி உள்ளே திணிக்கும். காற்று கூடினால் டீசல் நன்றாக எரியும், இழுவை வரும். மச்சானுடைய பழைய ஜீப்பைவிட இந்தச் சின்ன இன்ஜினுக்கு இழுவை ஒன்றரை மடங்கு அதிகம். இது நான் வாயில் சொல்வது இல்லை, மிஷினில் போட்டு அளந்தது. டீசலும் மிச்சம்.

நான் இந்த வண்டியில் எட்டு மாதம் வேலை பார்த்திருக்கிறேன். ராஜஸ்தான் மணலில் ஓட்டியிருக்கிறோம், மலையில் ஏற்றியிருக்கிறோம். கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொல். பாரம் ஏற்றி மெதுவாக ஏறும்போது மட்டும் ரேஸைக் குறைக்காமல் பிடிக்கச் சொல், அவ்வளவுதான்.

தை மாதம் கண்டிப்பாக வருகிறேன். பாப்பா என் மடியில்தான் உட்கார வேண்டும். அவளுக்குத் தோடு இங்கேயே வாங்கிவிட்டேன். மச்சானுக்கு என் வணக்கம். அடுத்த மாதம் எனக்கு சீனியர் மேனேஜர் பதவி வருகிறது, உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

அன்புடன்
அழகுபாண்டி


பேரையூர்
20.8.2024

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதிக்கொண்டது. இங்க எல்லாரும் சுகம். பதவி வந்துச்சா? உன் பேருக்குக் கருப்பசாமிக்கு மாலை சாத்துனேன்.

வண்டி வந்துருச்சுடா. நாலு சக்கரத்துலயும் எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கி, பூசை போட்டு எடுத்தோம். உன் மச்சான் என்னையும் பாப்பாவையும் வச்சு திருமங்கலம் நாலுவழிச் சாலையில ஒரு ஓட்டு ஓட்டுனாரு பாரு, ஆத்தாடி! பறக்குது. மூணு நாள் அந்த மனுசன் முகத்துல பல்லுதான் தெரிஞ்சது.

ஆனா ஒண்ணு சொல்லணும். ஆடி தொடக்கத்துல ரெண்டு மழை பெஞ்சுச்சு. காட்டுக்குள்ள வழக்கம்போல முதல் கியர்ல விட்டு ரேஸுல இருந்து காலை எடுத்தாரு. பத்து கேன் வரைக்கும் நடந்துச்சு. அதுக்கு மேல ஏத்துனா இருமிட்டு நிக்குது. ரேஸைக் கொடுத்தா முதல்ல ஒண்ணுமே இல்ல, பிறகு பேய் புடிச்ச மாதிரி எகிறுது. கேன் தூக்கிக்கிட்டுக் கூட நடக்கிற ஆளுங்க பதறி ஒதுங்குறாங்க. எகிறாம இருக்க இவரு கிளட்ச்சைப் பாதி மிதிச்சுக்கிட்டே உருட்டுறாரு. ஒரே நாத்தம். நாலு வாரத்துல கிளட்ச் பிளேட்டு கருகிருச்சு. மைக்கேல் அண்ணன் கழட்டிப் பாத்துட்டு, "மாப்ள மேல தப்பில்ல தங்கச்சி. இவருக்கு வேணுங்கிற இழுவை இந்த இன்ஜினுக்கு மேல கிடக்கு, அடியில இல்ல"ன்னாரு.

இருளாயி அக்கா கேக்குது, "ஏன்டி முனீசு, எலியைக் கொண்டுவந்து ஏர்ல பூட்டிட்டீங்களோ?"ன்னு. சிரிச்சுட்டுத்தான் சொல்லுச்சு, எனக்குத்தான் சுருக்குன்னு இருந்துச்சு.

இது எங்க வண்டிக்கு மட்டும் உள்ள கோளாறா, எல்லா வண்டியும் இப்படித்தானா? கம்பெனிக்கு எழுதிப் போடலாமா? ஐப்பசி மழை வாரதுக்குள்ள பதில் போடு. உன் பதிலை வச்சுத்தான் என்ன செய்யறதுன்னு முடிவு பண்ணணும்.

அக்கா
முனீஸ்வரி


வதோதரா
22.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். பதவி வந்ததும் வேலை கழுத்தை நெரிக்கிறது. தீபாவளிக்கு இங்கிருந்து இனிப்பு அனுப்பியிருக்கிறேன், பாப்பாவுக்குப் பட்டுப்பாவாடையும்.

வண்டியில் கோளாறு எதுவும் இல்லை. மச்சான் பழைய ஜீப் பழக்கத்தில் ஓட்டுகிறார், அதுதான் பிரச்சினை. பாதி கிளட்ச்சில் உருட்டினால் எந்த வண்டியும் கருகும். புது வண்டிக்கு ஏற்ற மாதிரி மனுசன்தான் மாற வேண்டும். கண்மாய்க் கரையில் மெதுவாக ஏறாமல், கீழேயே வேகம் எடுத்து ஒரே மூச்சில் ஏற்றச் சொல். சரியாகிவிடும்.

கம்பெனிக்கு எழுத வேண்டாம் அக்கா. நம் ஊர்ப் பேரைப் பார்த்ததும் என் சொந்தம் என்று தெரிந்துவிடும். இப்போதுதான் பதவி ஏறியிருக்கிறேன். என் தலையை நானே உருட்டிக்கொண்ட மாதிரி ஆகும். எனக்காக இதை மட்டும் செய்.

இங்கே மழை இல்லை. ஊரில் மழை எப்படி?

அன்புடன்
அழகுபாண்டி


பேரையூர்
2.12.2024

தம்பிக்கு,

போனை நீ எடுக்கல. பதினோரு தடவை போட்டேன். உன் வீட்டுக்காரி எடுத்து, "அவர் டூர்ல இருக்கார்"னுச்சு. அதனால எழுதுறேன்.

இருளாயி அக்கா செத்துப்போச்சு.

கார்த்திகை நாலாந் தேதி. ராத்திரியெல்லாம் பெஞ்சு காலையில விட்டிருந்துச்சு. இருபத்திரண்டு கேன் பாரம். நீ எழுதினபடிதான் உன் மச்சான் கீழேயே வேகம் எடுத்துக் கரையில ஏத்துனாரு. மூணு வாரமா அப்படித்தான் ஏத்திக்கிட்டிருந்தாரு. அன்னைக்குக் கரை மேல வீரணன் ஆட்டைப் பத்திக்கிட்டு வந்துட்டான். இவரு என்ன செய்வாரு? வேகத்தைக் குறைச்சாரு. பாதிக் கரையில இன்ஜின் இருமி அணைஞ்சுபோச்சு. திரும்ப ஸ்டார்ட் பண்ணக் கிளட்ச்சை மிதிச்சிருக்காரு, வண்டி பின்னால வழுக்கிருச்சு. பிரேக்கு ரெண்டு மிதி பிடிச்சிருக்கு. மூணாவது மிதி கல்லு மாதிரி இறுகிப்போச்சாம். இன்ஜின் அணைஞ்சா பிரேக்குக்கும் சக்தி போயிருமாமே, அதுகூட எங்களுக்குத் தெரியாது. வண்டி கண்மாய் உள்வாய்ல, தண்ணிப் பக்கமா சாஞ்சிருச்சு. இருளாயி அக்கா பின்னால கேனுக்கு நடுவுல நின்னுச்சு. அம்புட்டுக் கேனும் அது மேல.

தண்ணி வெள்ளையா இருந்துச்சுடா. நான் ஓடிப்போய்ப் பாக்கிறப்ப கண்மாய்த் தண்ணி ஓரமெல்லாம் வெள்ளையா இருந்துச்சு.

உன் மச்சானுக்கு வலது கை ரெண்டு இடத்துல முறிஞ்சிருக்கு. கவனக்குறைவா ஓட்டி ஆளைக் கொன்னதா கேஸ். ஜாமீன்ல வந்திருக்காரு. ஆயுசுல ஒரு சொட்டுத் தொடாத மனுசனை ஊருக்குள்ள குடிச்சிருந்தான்னு பேசுறாங்க. இருளாயி அக்கா மக சோணையம்மா எங்க வாசல்ல வந்து மண்ணை வாரித் தூத்திட்டுப் போச்சு. அதைத் தப்புன்னு சொல்ல மாட்டேன்.

உங்க கம்பெனியில இருந்து ரெண்டு பேரு வந்தாங்க. வண்டியைச் சுத்திச் சுத்திப் படம் எடுத்தாங்க. கிளட்ச்சைக் கழட்டிப் பாத்துட்டு, ஓட்டுனர் தவறுன்னு எழுதிக்கொடுத்துட்டுப் போயிட்டாங்க.

நீ ஒரு தடவை வா. வந்து, இந்த வண்டி இந்தப் பாரத்துக்கு இப்படித்தான் நிக்கும்னு கோர்ட்டுல ஒரு சொல்லு சொல்லு. அந்த மனுசன் தலை நிமிந்துக்குவாரு. வேற எதுவும் கேக்கல.

முனீஸ்வரி


வதோதரா
11.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் பார்த்துச் சாப்பிடக்கூட முடியவில்லை. இருளாயி அக்கா என்னை இடுப்பில் தூக்கிச் சுமந்தது. மச்சான் கை எப்படி இருக்கிறது? பாப்பா பயந்துவிட்டாளா? நீ நேரத்துக்குச் சாப்பிடு.

நடந்தது விபத்து அக்கா. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. திருநகரில் எனக்குத் தெரிந்த நல்ல வக்கீல் இருக்கிறார், நம்பர் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். இன்சூரன்ஸ்காரர்களிடம் என் பேரைச் சொல்ல வேண்டாம். நான் கோர்ட்டுக்கு வருவதில் பிரயோஜனம் இல்லை. சொந்தக்காரன் சாட்சி செல்லாது என்பார்கள். கம்பெனி சம்பளம் வாங்குகிறவன் கம்பெனிக்கு எதிராக எப்படிப் பேசுவது?

மச்சானும் ஒன்றை யோசித்துப் பார்க்க வேண்டும். அந்தச் சேற்றில், அந்த மேட்டில், பன்னிரண்டு கேனுக்கு மேல் ஏற்றியிருக்கக் கூடாது. இனி பேசி என்ன, நடந்தது நடந்துவிட்டது.

தை மாதம் லீவு கிடைக்கவில்லை. பாப்பாவுக்கு வாங்கிய தோட்டைக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். காதுகுத்தைத் தள்ளிவைத்தால் நான் எப்படியும் வந்துவிடுவேன்.

அன்புடன்
அழகுபாண்டி


பேரையூர்
24.2.2025

அழகுபாண்டிக்கு அக்கா எழுதுறது. நீ சுகமா இருப்ப. இங்க சுகம்னு எழுதக் கை வரல.

உன் மச்சானுக்குக் கை கூடிருச்சு, மனசு கூடல. வெளிய தெருவ போறதில்ல. கட்டில்ல உக்காந்திருக்கிறப்ப இடது காலு தானா தரையை மிதிக்குது. என்னன்னு கேட்டா, "கிளட்ச்சைச் சீக்கிரமா விட்டுட்டேனோ முனீசு? இல்ல, லேட்டா விட்டுட்டேனோ?"ன்னு என்னையே கேக்குறாரு. எனக்கு என்னடா தெரியும் கிளட்ச்சைப் பத்தி?

உன் கடுதாசியை நாலு தடவை படிச்சேன். அஞ்சாவது தடவை மைக்கேல் அண்ணன்கிட்டக் குடுத்துப் படிக்கச் சொன்னேன். அவரு ஒரு வரியில நின்னுட்டாரு. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டுத் திரும்பவும் படிச்சாரு. "தங்கச்சி, வண்டியோட குடுத்த புஸ்தகத்துல ஆயிரத்து இருநூறு கிலோ ஏத்தலாம்னு போட்டிருக்கு. இருபத்திரண்டு கேன் ஆயிரத்துச் சில்லறைதான் வரும். இவரு பன்னிரண்டு கேனுன்னு எழுதியிருக்காரு. இந்தப் பன்னிரண்டு எங்க இருந்து வந்துச்சு?"

நானும் அதைத்தான் கேக்குறேன். பன்னிரண்டு எங்க இருந்து வந்துச்சு?

புஸ்தகத்துல இல்ல. கடைக்காரன் சொல்லல. நீயும் ஆனி மாசம் சொல்லல. "கண்ணை மூடிக்கொண்டு எடு"ன்னு எழுதினவன், இருளாயி அக்கா செத்த பிறகு பன்னிரண்டு கேனுன்னு எழுதுற. சேத்துல, மேட்டுல, பன்னிரண்டு கேனுன்னு. பாத்தவன் மாதிரி எழுதுற. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறவன்கூடக் காம்பையாவது கிள்ளிப் போட்டுட்டு மறைப்பான். நீ காம்பை வெளிய நீட்டிக்கிட்டு மறைச்சிருக்க.

உன்னைத் திட்ட எழுதல. எனக்கு உண்மை வேணும். நீ எழுதின கடுதாசி எல்லாம் பிஸ்கட் டப்பாவுல பத்திரமா இருக்கு. ஹாஸ்டல்ல இருந்து, "அக்கா, பொய் சொன்னதுக்கு வார்டன் அடிச்சுட்டாரு, ஆனா நான் சொன்னது பொய் இல்ல"ன்னு எழுதினியே, அதுவும் இருக்கு. அந்தப் பயலுக்குத்தான் இந்தக் கடுதாசி. அவன் இருந்தா பதில் எழுதட்டும்.

முனீஸ்வரி


வதோதரா
30.4.2025

அக்கா,

நலமா என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆறு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஏழாவது.

அந்த வண்டியைச் சேற்றுப் பள்ளத்தில் சோதித்தது நான்தான். போன வருசத்துக்கு முந்தின மார்கழி. நம் கரிசல் மாதிரியே களிமண் கொட்டி, மேடு கட்டி, மணல் மூட்டை ஏற்றி ஓட்டினோம். வேகமாகப் போனால் குறையே இல்லை. மெதுவாக நடக்க விட்டால் ஐந்நூற்றைம்பது கிலோ வரைக்கும் தாங்கியது. அதற்கு மேல் பத்துக்கு ஏழு தடவை மேட்டில் நின்றுபோனது. ஐந்நூற்றைம்பதை உன் கேன் எடையால் வகுத்துப் பார், பன்னிரண்டு வரும். நீ முதல் கடிதத்தில் இருபத்திரண்டு கேன் என்று எழுதியதுமே நான் வகுத்துப் பார்த்துவிட்டேன்.

நான் அதை ஒரு பக்கம் எழுதினேன் அக்கா. தனிப் பக்கமாக எழுதினேன். மேலே இருக்கிறவர் படித்துவிட்டு, "இப்படி ஊர்ந்துக்கிட்டு யார் ஓட்டப்போறாங்க? இந்தப் பக்கம் வேண்டாம்" என்றார். பெரிய இன்ஜின் வைத்தால் விலை ஏறும், வரி ஏறும், புகைக் கணக்கு இடிக்கும். நான் பக்கத்தை எடுத்துவிட்டேன். அவர் கிழிக்கவில்லை, நான்தான் எடுத்தேன். பதவி அதற்கு வந்த கூலி.

ஊர்ந்துகொண்டு ஓட்டுகிறவர் யார் என்று எனக்குத் தெரியும். அப்போதே மச்சான் முகம் வந்தது. ஆனால் நம் வீட்டுக்கா இந்த வண்டி வரப்போகிறது என்று நினைத்தேன். ஐந்து மாதத்தில் உன் கடிதம் வந்தது.

வேண்டாம் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதினால் ஏன் என்று கேட்பாய். ஏன் என்று சொன்னால் நான் என்ன செய்தேன் என்பது உனக்குத் தெரிந்துவிடும். ஊரில் உன் ஒருத்தி முன்னால்தான் நான் இன்னும் நல்லவனாக இருந்தேன். அதை விட மனசு வரவில்லை. ரேஸைக் குறைக்காதே, வேகம் எடுத்து ஏற்று என்று மட்டும் எழுதினேன். அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இவள் ஆறு மாதம் முழுகாமல் இருக்கிறாள். வீட்டுக் கடன் இருக்கிறது. இந்தக் கடிதம் வெளியே போனால் வேலையோடு போகாது, என்னை உள்ளே வைப்பார்கள். உன் காலில் விழுகிறேன். படித்ததும் எரித்துவிடு.

தம்பி


பேரையூர்
19.6.2025

அழகுபாண்டிக்கு,

உன் வீட்டுக்காரிக்கு எட்டு மாசம் ஆகப்போகுது. அலைய விடாத, நல்லாப் பாத்துக்க. அந்தப் புள்ள ஒரு பாவமும் அறியாது. இந்தக் கடுதாசியில அன்பா எழுதுறது இது ஒண்ணுதான்.

உன் கடுதாசியை உன் மச்சானுக்கு வாசிச்சுக் காட்டுனேன். முழுசும் கேட்டாரு. பிறகு, "அப்ப நான் கிளட்ச்சைத் தப்பா மிதிக்கலையா முனீசு?"ன்னாரு. இல்லைன்னேன். சின்னப் புள்ள மாதிரி அழுதாரு. ஏழு மாசத்துல அன்னைக்குத்தான் அழுதாரு. அழுது முடிச்சுட்டு என்ன சொன்னாரு தெரியுமா? "எரிச்சுரு. உன் கூடப் பொறந்தவன். எனக்குத் தெரிஞ்சா போதும்"னாரு. நீ கொன்ன பழியைத் தூக்கிச் சுமந்தவரு சொல்றாரு, எரிச்சுருன்னு. அந்த மனுசன் கால் தூசிக்கு நீ பெற மாட்ட.

அடுப்படி வரைக்கும் கொண்டுபோனேன். பொய் சொல்ல மாட்டேன், தீப்பெட்டியையும் எடுத்துட்டேன். அப்பத்தான் தோணுச்சு, இதை எரிக்க நான் யாரு? இந்தக் கடுதாசிக்கு மேல என் பேரு இருக்கு, ஆனா எழுத வேண்டியது எனக்கு இல்ல. செத்தது என் ஆத்தா இல்ல.

சோணையம்மா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறக்கல. வாசல்ல உக்காந்து சத்தமா வாசிச்சேன். பாதியில வெளிய வந்துச்சு. பன்னிரண்டு கேனுன்னு வந்தப்ப, அந்த வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லுச்சு. முடிச்சதும் கடுதாசியை அது கையில குடுத்துட்டேன். பழைய ரெண்டையும் சேத்துக் குடுத்தேன், "கண்ணை மூடிக்கொண்டு எடு"ன்னதையும், "கம்பெனிக்கு எழுதாதே"ன்னதையும். வாங்கிக்கிட்டு, "எங்காத்தா உன்னையவும் உன் தம்பியவும் ஒரே இடுப்புலதான் சொமந்துச்சு"ன்னுச்சு. மறுநாள் வக்கீலைப் பாத்துட்டு வந்துருச்சு. உனக்கு சம்மன் வரும். அது அரசாங்கக் கடுதாசி, அதுக்காவது நேரத்துக்குப் பதில் போடு.

நானும் உத்தமி இல்ல. மைக்கேல் அண்ணன் வண்டியோடவே நாப்பது வருசமா கெடக்குற மனுசன். அவரு சொன்னதைத் தள்ளிட்டு, சட்டை கசங்காத உன் சொல்லைக் கேட்டேன் பாரு, என்னைய எதைக் கொண்டு அடிக்க? சொல்றவனுக்கு வாய்ச்சொல்லு, சொமக்கிறவளுக்குத் தலைச்சுமை. இருளாயி அக்கா சொமந்துட்டுப் போயிருச்சு.

போன வெள்ளிக்கிழமை பாப்பாவுக்குக் காது குத்தியாச்சு. அஞ்சு வயசு முடிய இன்னும் ஒரு மாசம்தான் இருக்கு, அதுக்கு மேல தள்ள முடியாது. உன் தோட்டை இத்தோட திருப்பி அனுப்பியிருக்கேன், உன் புள்ளைக்குப் போட்டுக்க. கோயில்ல பங்காளிகளெல்லாம் கூடி, மாமன் இல்லாமக் காதுகுத்தான்னு முணுமுணுத்தாங்க. மைக்கேல் அண்ணனைக் கூப்பிட்டு உக்காரச் சொன்னேன். அவரு பதறிப்போயி, "நான் வேதக்காரன் தங்கச்சி, உங்க சாமி முன்னால எப்படி?"ன்னாரு. "எங்களுக்கு உண்மையைச் சொன்னது நீங்க ஒருத்தருதான்ணே, சாமிக்கு அது போதும்"னேன். கையில கிரீஸ் கறை போகலைன்னு வேட்டியில தொடச்சுத் தொடச்சுப் பாத்துட்டு உக்காந்தாரு. பாப்பா அவரு மடியில ஏறி, அவரு கட்டைவிரலைப் பிடிச்சுக்கிட்டுக் கத்துனா.

பூசாரி, தாய்மாமன் பேரு என்னன்னு கேட்டாரு. உன் மச்சான் என்னையப் பாத்தாரு. நான் மைக்கேல்ராஜ்னு சொன்னேன்.

இப்படிக்கு
முத்திருளன் பொஞ்சாதி முனீஸ்வரி